ஒரு தெரு தேர்ந்தெடுத்த ஆள்

எங்கள் படிப்பகத்தில் மாதக் கடைசி ஞாயிறு மாலையில் படம் போடுவது வழக்கம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைப் புரொஜக்டரில் ஓட்டுவோம். ‘மால்கம் எக்ஸ்’ போட்டிருக்கிறோம். ஜப்பார் படேல் எடுத்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தை மூன்று முறை போட்டாயிற்று. சென்ற மாதம் ‘மில்க்’ போட்டோம். 2008-இல் வந்த அமெரிக்கப் படம் அது. கஸ் வான் சான்ட் இயக்கியது, ஷான் பென் நடித்தது. தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காகத் தேர்தலில் நின்று, மூன்று முறை தோற்று, நான்காம் முறை வென்று, பதவியேற்றுப் பதினோரு மாதம் நிறைவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்ட ஹார்வி மில்க்கின் வாழ்க்கைக் கதை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். ஆணும் ஆணும் முத்தமிடும் காட்சியில் சிரிப்புக் கிளம்பியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னார். எந்தச் சொல் என்று எழுத வேண்டியதில்லை. நம் தெருக்களில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். நானும் இருபது வயதில் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். படம் முடிந்து விளக்குப் போட்டதும், கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: “ஏண்ணே, நமக்கு இருக்கிற பாடு பத்தாதா? இவங்க பாட்டையும் நாம எதுக்குண்ணே சுமக்கணும்?”

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியை அவருக்கே எழுதுகிறேன்.

மில்க் பிறந்தது 1930-இல், நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்டில், ஒரு யூதக் குடும்பத்தில். கடற்படையில் இருந்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், காப்பீட்டு நிறுவனத்திலும் பங்குச் சந்தையிலும் கோட்டு, டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். தான் யார் என்பதை அலுவலகத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. படத்தில் நாம் அவரை முதலில் பார்க்கும்போது அவருக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. பெருமைப்பட்டுக்கொள்ள இதுவரை ஒரு காரியமும் செய்யவில்லையே என்று நொந்துகொள்கிறார். நாற்பதைக் கடந்துவிட்ட எனக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது. அவருக்கு அப்போது மிச்சமிருந்தது எட்டரை வருடம்.

படத்தின் தொடக்கத்தில் பழைய செய்திப் படத்துணுக்குகள் வருகின்றன. மதுக்கூடங்களில் போலீஸ் புகுந்து ஆண்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறது. யாரையும் அடித்தவர்கள் இல்லை, எதையும் திருடியவர்கள் இல்லை. கேமராவைக் கண்டதும் அவர்கள் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் முகம் வந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும், அப்பா அம்மா போவார்கள். அடிபட்டவன் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடித்தவன் நிமிர்ந்து நடக்கிறான்.

1972-இல் மில்க் தன் துணைவர் ஸ்காட் ஸ்மித்துடன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். மறுவருடம் காஸ்ட்ரோ தெருவில் கேமராக் கடை வைத்தார். ஐரிஷ் வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்து வந்த பகுதி அது. படத்தில் ஒரு காட்சி: வணிகர் சங்கத்தில் சேர விரும்பும் மில்க்கிடம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், மனிதர் சட்டம் ஒன்று, கடவுள் சட்டம் ஒன்று, இரண்டையும் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்கிறார். நம்மூர்க் கட்டுப்பாடு பேசுகிறவர்களின் குரல் அது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவர் பேசிய அதே தொனி. மில்க் கெஞ்சவில்லை. தங்களை மதிக்கும் கடைகள் எவை, மதிக்காதவை எவை என்று கணக்கெடுத்தார். மதிக்கும் கடைகளில் மட்டும் வாங்குங்கள் என்று தம் மக்களிடம் சொன்னார். தனியாகவே ஒரு வணிகர் சங்கம் கண்டார். கொஞ்ச நாளில் முகம் சுளித்த கடைக்காரர்கள் புன்னகைக்கப் பழகிக்கொண்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது பீர் கதை. கூர்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எதிராக லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் போராடிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர்களில் ஒருவரான ஆலன் பேர்ட், காஸ்ட்ரோக்காரர், மில்க்கைத் தேடி வந்தார். உங்கள் ஆட்கள் நடத்தும் மதுக்கூடங்களில் கூர்ஸ் விற்காமல் செய்ய முடியுமா? முடியும் என்றார் மில்க். ஆனால் எங்கள் ஆட்களுக்கு லாரி ஓட்டும் வேலை வேண்டும். சரி என்றார் பேர்ட். காஸ்ட்ரோவின் மதுக்கூடங்களிலிருந்து கூர்ஸ் மறைந்தது; தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. லாரி ஓட்டுநர்கள் அன்றைக்கு இவர்களைக் கேலி பேசாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அன்பு பிறந்த பிறகு கூட்டணி வைப்போம் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கவில்லை. எனக்கு இது வேண்டும், உனக்கு எது வேண்டும் என்று உட்கார்ந்து பேசினார்கள். மரியாதை பிறகு வந்தது. நம் அமைப்புகள் தொழிற்சங்கங்களோடு பேசப் போகும்போது பெரும்பாலும் மனு கொண்டு போகிறோம். இவர் சரக்கோடு போனார்.

இனித் தேர்தல். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். படம் இதை வேகமாகக் கடந்துவிடுகிறது. என் பார்வையில் கதையின் முதுகெலும்பே இதுதான்.

சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்கு ‘போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்’ என்று பெயர். உறுப்பினர்கள் 11 பேர். மில்க் முதலில் போட்டியிட்டபோது ஒவ்வொரு உறுப்பினரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. வார்டு கிடையாது. பணம் உள்ளவன், பத்திரிகை பலம் உள்ளவன், நகரத்துப் பெரும்பான்மைக்குப் பிடித்தவன் மட்டுமே வெல்ல முடியும். 1973-இல் 32 வேட்பாளர்களில் மில்க் பத்தாம் இடம் பிடித்தார். தன் பகுதியில் அவருக்கு விழுந்த ஓட்டைப் பார்த்தால், வார்டு முறை இருந்திருந்தால் அந்த வருடமே வென்றிருப்பார். 1975-இல் ஆறு இடத்துக்கு நடந்த போட்டியில் ஏழாவதாக வந்தார். 1976-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று குறைந்த ஓட்டில் தோற்றார். அதே வருடம் நகர மக்கள் வாக்களித்துத் தேர்தல் முறையை மாற்றினார்கள். இனி ஒவ்வொரு பகுதியும் தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்கும். 1977 நவம்பரில் ஐந்தாவது தொகுதியில் மில்க் வென்றார்.

அவர் மட்டுமா? அதே தேர்தலில் எல்லா ஹில் ஹட்ச் வென்றார். அந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். சீன வம்சாவளியினரான கார்டன் லாவ் வென்றார். தனித்து நின்று பிள்ளை வளர்த்த பெண்ணியவாதி கரோல் ரூத் சில்வர் வென்றார். அதுவரை உள்ளே வர முடியாதவர்கள் ஒரே நாளில் கூட்டமாக உள்ளே வந்தார்கள். மில்க்கைக் கொன்ற டான் ஒயிட்டும் அதே முறையில் தன் பகுதியிலிருந்து வந்தவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மில்க்கின் பேச்சுத் திறமையோ சிரித்த முகமோ 1973-க்கும் 1977-க்கும் இடையில் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது ஓட்டு எண்ணும் முறை. ஒரு சிறுபான்மைக் கூட்டத்தின் ஆளை அந்தக் கூட்டம் தேர்ந்தெடுக்கிறதா, அதைப் பிடிக்காத பெரும்பான்மை தேர்ந்தெடுக்கிறதா என்பதே கேள்வி. 1932-இல் எரவாடா சிறைக்குள் பாபாசாகேப் எந்தக் கேள்விக்காக மல்லுக்கு நின்றாரோ அதே கேள்வி. தனி வாக்காளர் தொகுதி கேட்டார். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது ஒதுக்கப்பட்ட இடமும் பொது வாக்காளரும். நம் ஆள் நிற்பார், ஊரே ஓட்டுப் போடும்.

அதன் விளைவை நம் மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருடம் என்ன நடந்தது? தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதும் வேட்புமனு போட ஆள் இல்லாமல் செய்தார்கள். மனுப் போட்டால் தாங்கள் நிறுத்திய ஆளையே ஜெயிக்க வைத்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006-இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் மிரட்டலையும் மீறி நின்று வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டதே அவர் செய்த குற்றம்.

மில்க் கொல்லப்பட்டது 1978 நவம்பர் 27. டான் ஒயிட் முன்பு போலீஸ்காரராகவும் தீயணைப்பு வீரராகவும் இருந்தவர். சம்பளம் கட்டவில்லை என்று நகர மன்றப் பதவியை ராஜினாமா செய்தார். பிறகு திரும்ப வேண்டும் என்றார். மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி தர மறுத்தார், அதற்கு மில்க்கின் அழுத்தமும் ஒரு காரணம். நகர மன்ற வாசலில் உலோகச் சோதனைக் கருவி இருந்ததால், ஒயிட் அடித்தளச் சன்னல் வழியாகத் துப்பாக்கியோடு நுழைந்தார். முதலில் மேயரைச் சுட்டார். துப்பாக்கியில் மீண்டும் தோட்டா நிரப்பிக்கொண்டு நடந்து போய் மில்க்கைச் சுட்டார். இவ்வளவு திட்டத்தோடு செய்த இரட்டைக் கொலைக்கு 1979 மே 21 அன்று வந்த தீர்ப்பு ஏழு வருடம் எட்டு மாதம். முன்திட்டமிட்ட கொலை இல்லையாம், மனச்சோர்வில் நடந்ததாம். நடுவர் குழுவில் கறுப்பினத்தவர் இல்லை, தன்பாலீர்ப்பாளர் இல்லை. அன்றிரவு சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் வண்டிகள் எரிந்தன. ஒயிட் ஐந்து வருடத்தில் வெளியே வந்தார். மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-இல் நன்னடத்தை என்று விடுவிக்கப்பட்டதை நாம் பார்த்தோம். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் மொழி மட்டும்தான் வேறு.

படம் இந்தத் தீர்ப்பைக் கடைசியில் எழுத்தாகக் காட்டி முடித்துக்கொள்கிறது. எனக்கு அது குறைதான். இன்னொரு குறையும் உண்டு. ஒயிட்டும் உள்ளுக்குள் தங்களைப் போன்றவர்தானோ என்று மில்க் சந்தேகிப்பதாக ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். வெறுப்புக்கு இப்படி ஒரு மறைந்த காரணம் கண்டுபிடிப்பது வெறுப்பைச் சின்னதாக்கிவிடுகிறது. ஒருவன் தனக்குக் கீழே இருக்க வேண்டியவன் தனக்குச் சமமாக மன்றத்தில் உட்கார்ந்ததைச் சகிக்கவில்லை என்பதே போதுமான காரணம். நமக்குத் தெரியாதா அது?

‘முதல்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெளிப்படையாகத் தன்னை அறிவித்துத் தேர்தலில் வென்ற முதல் தன்பாலீர்ப்பாளர் மில்க் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது சரியில்லை. 1974-லேயே மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகர மன்றத்துக்குக் கேத்தி கொசாசென்கோ வென்றார். அதே வருடம் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு எலேன் நோபிள் வென்றார். இருவரும் பெண்கள். சான் பிரான்சிஸ்கோவிலேயே, மில்க் அங்கே குடியேறுவதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1961-இல் ஹோசே சாரியா என்ற லத்தீனோ கலைஞர் இதே மன்றத்துக்கு நின்று ஐந்தாயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். பெண் வேடமிட்டு மேடையில் பாடியவர் அவர். மில்க் கலிபோர்னியாவில் அப்படி வென்ற முதல் ஆண். அதுவே பெரிய விஷயம். அதற்கு மேல் மிகைப்படுத்தத் தேவையில்லை. வெள்ளைக்கார ஆணுக்கு முதல் இடம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது, பெண்ணும் பழுப்பு நிறத்தவரும் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். படத்திலும் அப்படித்தான். பேராசிரியர் சாலி கியர்ஹார்ட் மில்க்கோடு சேர்ந்து தொலைக்காட்சி விவாதத்தில் எதிராளியைத் திணறடித்தவர். படத்தில் அவர் இல்லவே இல்லை. தேர்தல் பொறுப்பாளராக வந்த ஆன் குரோனன்பெர்க் மட்டும் இருக்கிறார்; அவர் வந்த முதல் நாள் கடையில் இருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் காட்டுகிறார்கள். ஒடுக்கப்பட்டவன் வீட்டுக்குள்ளும் ஒடுக்குகிறான் என்பதை மறைக்காமல் வைத்ததற்காக அந்தக் காட்சிக்கு ஒரு வணக்கம்.

பதவிக்கு வந்ததும் மில்க் செய்த காரியங்களில் ஒன்று பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு வருகிறவர் அதன் கழிவைத் தானே அள்ள வேண்டும் என்ற சட்டம். செய்தியாளர்களைப் பூங்காவுக்கு வரச்சொல்லி, பேசிக்கொண்டே போய்க் கழிவில் காலை வைத்துக் காட்டினார். எல்லாம் ஏற்பாடுதான். படத்தில் அந்த இடத்தில் எங்கள் கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே நாயின் கழிவை நாயின் எஜமானர் அள்ள 1978-இல் சட்டம். இங்கே மனிதர் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்பதற்கு 1993-இல் ஒரு சட்டம், போதவில்லை என்று 2013-இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் மலக்குழியில் இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள்: “அவங்க மறைச்சுக்கலாம்ணே. நம்மள ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே, நாம எங்க மறைக்கிறது?” ஊரில் உண்மை. தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். ஆனால் படித்து வேலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நகரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி வந்ததும் எத்தனை பேர் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறோம்? அலுவலகத்தில் அம்பேத்கர் படத்தை மேசையில் வைக்கத் தயங்கியிருக்கிறோம்? யாஷிகா தத் என்ற தலித் பத்திரிகையாளர் வருடக்கணக்கில் தன் சாதியை மறைத்து வாழ்ந்தவர். 2016-இல் ரோகித் வெமுலா இறந்த பிறகு தன்னை அறிவித்துக்கொண்டார். 2019-இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘கமிங் அவுட் ஆஸ் தலித்’. ‘கமிங் அவுட்’ என்ற சொல் மில்க்கின் மக்களிடமிருந்து கடனாக வந்தது. வெளியே வா, உன் வீட்டில் சொல், நண்பனிடம் சொல், நீ வேலை செய்யும் இடத்தில் சொல் என்று மில்க் மேடைதோறும் கேட்டது அதைத்தான்.

அது வெறும் தைரியப் பேச்சு இல்லை, ஓட்டுக் கணக்கு. 1978-இல் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் ஒரு முன்மொழிவைக் கலிபோர்னியா முழுவதும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கக் கூடாது. அவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களையும் நீக்கலாம். தொடக்கத்தில் அதற்கு ஆதரவு அதிகம். மில்க்கும் கியர்ஹார்ட்டும் ஊர் ஊராகப் போனார்கள். உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொன்னவர், உங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர், உங்கள் தங்கை, உங்கள் மாமன் என்று முகங்கள் தெரியத் தெரிய ஆதரவு கரைந்தது. பழமைவாதியான ரொனால்டு ரீகனே அதை எதிர்த்தார். நவம்பர் 7 அன்று நூற்றுக்கு 58 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்குச் சரியாக இருபதாம் நாள் மில்க் கொல்லப்பட்டார்.

இன்னொரு கணக்கும் சொல்லித் தீர்க்க வேண்டும். நாம் ‘சிறுத்தை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெயர் 1972-இல் பம்பாயில் ‘தலித் பேந்தர்ஸ்’ ஆகப் பிறந்தது. அதற்கு மூலம் 1966-இல் தொடங்கிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சி. அது பிறந்த ஓக்லண்டு நகரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் எதிர்க் கரையில் இருக்கிறது. நடுவில் ஒரு விரிகுடா, ஒரு பாலம். அந்தக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ஹியூயி நியூட்டன் 1970 ஆகஸ்டில் தம் தோழர்களிடம், தன்பாலீர்ப்பாளர்களோடும் பெண்கள் இயக்கத்தோடும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றார். அவர்களைக் குறிக்கும் இழிசொற்களை நம் பேச்சிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றார். நம் கொடியில் அந்தச் சிறுத்தை இருக்கிறது. படிப்பகத்துப் பின்வரிசையில் அந்தச் சொல்லும் இருக்கிறது.

பாபாசாகேப் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பம்பாயில் ர.தோ. கார்வே என்பவர் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற பத்திரிகை நடத்தினார். பாலுறவு பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதினார். தன்பாலீர்ப்பு பற்றியும் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934-இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர் டாக்டர் அம்பேத்கர். வழக்கில் தோல்வி. பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, தலைக்கு மேல் வேலை. நமக்கு இருக்கிற பாடு பத்தாதா என்று அவரும் சொல்லியிருக்கலாம்.

படத்தில் என்னை விட்டுப் போகாத காட்சி ஒரு தொலைபேசி அழைப்பு. மின்னசோட்டா மாநிலத்திலிருந்து ஒரு பையன் நள்ளிரவில் மில்க்கைக் கூப்பிடுகிறான். அவனைச் ‘சரி செய்ய’ மருத்துவமனைக்கு அனுப்பப் போகிறார்கள் பெற்றோர். சாகப்போகிறேன் என்கிறான். மில்க் பதறிப்போய், பஸ் ஏறு, ஏதாவது பெரிய நகரத்துக்குப் போய்விடு என்கிறார். அப்போதுதான் கேமரா விலகி அவனைக் காட்டுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கிறான். என்னால் நடக்க முடியாது சார் என்கிறான். மில்க்கிடம் பதில் இல்லை. நகரத்துக்குப் போ என்ற அறிவுரை பஸ் ஏற முடிந்தவனுக்குத்தான். நிஜ மில்க் தம் மேடைப் பேச்சுகளில் சான் பிரான்சிஸ்கோவின் இளைஞர்களைவிடப் பென்சில்வேனியாவின் ஆல்டூனா போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார். யாரோ ஒருவர் தம்மைப் போன்றவர் வென்றிருக்கிறார் என்ற செய்தி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கவலை.

நம் மதுரையிலிருந்தும் அப்படி இரண்டு இளம்பெண்கள் பஸ் ஏறினார்கள். வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போய், உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தமக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். இவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது. மருத்துவத்தின் பெயரால் ‘மாற்ற’ முயலக் கூடாது. அதற்கு முன்பே 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன 377-ஆவது பிரிவு வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வதைத் தண்டிக்காது என்று சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இருக்கிறது. நம் காலனியில் ஒரு பையன் கொஞ்சம் நளினமாக நடந்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்வரை கேலி செய்கிறோம். அவனுக்கு ஊர்த் தெருவிலும் இடமில்லை, நம் தெருவிலும் இடமில்லை. சாதியால் ஒரு அடி, நம்மால் ஒரு அடி. இதைத்தான் தூத்துக்குடிக்காரரான தலித் திருநங்கை கிரேஸ் பானு வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். திருநங்கைகளுக்கு ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தனி உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பி வருகிறார். நம் மேடைகளில் அந்தக் கோரிக்கை எத்தனை முறை தீர்மானமாகியிருக்கிறது?

சான் பிரான்சிஸ்கோவில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், படத்தில் இல்லை. 1980-இல் வார்டு முறையையே வாக்கெடுப்பில் ஒழித்தார்கள். மறுபடி நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் பழைய முறை. இருபது வருடம் கழித்து 2000-இல்தான் பகுதிவாரித் தேர்தல் திரும்ப வந்தது. ஆளைக் கொன்றதோடு அவர் ஏறி வந்த ஏணியையும் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்க்குக்குப் பதக்கம் கொடுத்தார்கள், தபால்தலை வெளியிட்டார்கள். ஏணியைத் திரும்ப வைக்க இருபது வருடம் ஆனது.

அன்றிரவு வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தபோது, கேள்வி எதுவும் கேட்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்த ஒரு பையன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அந்தச் சக்கர நாற்காலிப் பையன் படத்தின் கடைசியில் மறுபடி போன் பண்ணுகிறான். ஒரு நண்பன் அவனை பஸ்ஸில் ஏற்றி லாஸ் ஏஞ்சல்ஸ் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறான். இவன் கேட்டது அதைப் பற்றித்தான்: “அந்த பஸ் ஏத்தி விட்ட ஃப்ரெண்டு யாருண்ணே? அவனைக் காட்டவே இல்லையே?”

காட்டவில்லைதான். வரும் கடைசி ஞாயிறு அதே படத்தை மறுபடி போடுகிறோம். எழுந்து போனவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.